புதுக்கடை மூலை: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய நீதிமன்ற நிருபரின் பதில்களும்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் காணி உறுதி, வீட்டு வாடகை, சீட்டுக்காசு என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். இம்முறை தபாற்பையைப் பிரித்தால் பாதிக்கு மேல் கொலை. குற்றம் என்னுடையதுதான். சென்ற இதழில், பம்பலப்பிட்டியில் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் வழக்கைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, துப்புத் துலங்காத வழக்குகளைப் பற்றிக் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நாங்கள் ஏழு பேர் தினமும் காலை ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்தில் நடக்கிறோம். நடை முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது மூன்று வாரமாக ஒரே விவாதம். 2001இல் வாஷிங்டனில் ஓடப்போய்க் கொலையுண்ட சந்திரா லெவியைக் கொன்றது யார்? ஒருவர் அரசியல்வாதிதான் என்கிறார். இன்னொருவர் பூங்காவில் திரிந்த வழிப்பறிக்காரன் என்கிறார். எங்களுடைய ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் கூலிப்படை என்று அடித்துச் சொல்கிறார். 31 வருடம் நீதிமன்றத்தில் இருந்தவர் நீங்கள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
— நடைக்குழுவினர், கொழும்பு 7

பதில்: நான் தீர்ப்புச் சொன்னவன் அல்லன். தீர்ப்புச் சொன்னவர்களுக்கு முன்னால் கிடந்த வாங்கில் இருந்து குறிப்பெடுத்தவன். அந்தப் பழக்கத்தில் உங்கள் மூன்று கதைகளையும் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்றுக்கும் பக்கம் நிரம்பவில்லை.

பெயரைக் கேட்டு நம்மவர் என்று எண்ணியவர்கள் அந்த நாளில் இங்கே இருந்தார்கள். அவர் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ ஊர்ப் பிள்ளை. வயது 24. வாஷிங்டனில் மத்திய சிறைச்சாலைகள் பணியகத்தில் பயிலுநராக இருந்து, அது முடிந்து ஊர் திரும்பவிருந்தார். ஏப்ரல் 30ஆம் திகதி உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய்த் தன் அங்கத்துவத்தை நிறுத்தினார். மறுநாள் காலை மடிக்கணினியில் பலதும் தேடியவர், ரொக் கிரீக் பூங்காவில் இருக்கும் கிளிங்கில் மாளிகையைப் பற்றியும் பார்த்திருக்கிறார். பிறகு ஆளைக் காணவில்லை. பணப்பையும் கைத்தொலைபேசியும் வீட்டில் கிடந்தன. வீட்டுத் திறப்பு மட்டும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஓடப்போய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே முதலாவது ஊகம். அவர் வெளியில் ஓடுகிறவர் அல்லர், உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர் என்றுதான் பழகியவர்கள் சொன்னார்கள். அங்கத்துவத்தை நிறுத்தியதால் அன்று வெளியில் போயிருக்கலாம் என்று நீங்கள் வாதாடலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது நினைப்பு. உடலோடு சப்பாத்தும் உடற்பயிற்சி உடையும் வோக்மன் வானொலியும் கிடைத்தன என்பது பதிவு. இரண்டையும் ஒரே மையில் எழுதக்கூடாது.

அரசியல்வாதிக்கு வருவோம். சந்திராவின் ஊருக்கான அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர் கேரி கொண்டிட்டுக்கும் சந்திராவுக்கும் இருந்த தொடர்பு வெளிவந்ததும் அந்தக் கோடை முழுவதும் தொலைக்காட்சிக்கு வேறு வேலை இருக்கவில்லை. உங்கள் நடைக்குழுவைப் போல ஆயிரம் குழுக்கள் அவரைத் தூக்கில் போட்டு முடித்தன. பொலிஸார் அவரைச் சந்தேகநபராக அறிவிக்கவே இல்லை. 2002 மார்ச்சில் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் அவர் தோற்றார். அந்த வழக்கில் முதலில் தண்டனை அனுபவித்தவர், வழக்கே தொடரப்படாத அவர்தான். அவர் நல்லவரா என்று கேட்டால் அது வேறு கேள்வி. ஒளித்துப் பேசியவர் என்பதற்காகக் கொன்றவர் ஆகிவிட முடியாது. ஆகிவிடுமென்றால் கொழும்பில் சிறைச்சாலைகள் போதாது.

என்னை உறுத்துவது இன்னொன்று. 2001 ஜூலையில் பொலிஸார் அந்தப் பூங்காவைத் தேடினார்கள். 1700 ஏக்கருக்கு மேற்பட்ட காடு அது. நகரின் நடுவே ஓடும் பள்ளத்தாக்கு. நடைபாதைகளிலிருந்தும் 100 யார் (கெஜம்) தூரம் தேட வேண்டும் என்பது கட்டளை. கட்டளை கைமாறிக் கீழே வந்து சேர்ந்தபோது வாகன வீதிகளிலிருந்து 100 யார் என்று ஆகிவிட்டது. அப்படியே தேடிவிட்டுப் போனார்கள். 2002 மே 22ஆம் திகதி நாயோடு ஆமை தேடிப் போன ஒருவர், நடைபாதைக்குக் கீழே சரிவில் மண்டையோட்டைக் கண்டார். ஒரு வருடம் மழையும் விலங்கும் தின்ற பிறகு கிடைத்த எலும்பிலிருந்து, எப்படி இறந்தார் என்பதைக்கூட வைத்தியர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் கொன்றது என்று ஊரே கேட்டது. எத்தனை யார், எங்கிருந்து அளந்த யார் என்று கேட்க ஓர் ஆள் இருக்கவில்லை.

அதோடு முடியவில்லை. குடியிருப்பின் வாசல் கமராப் பதிவை வாங்கப் போனபோது அதன்மேல் வேறு பதிவாகிவிட்டிருந்தது. மடிக்கணினியை அந்த வேலை தெரியாத உத்தியோகத்தர் ஒருவர் தட்டிப் பார்த்து, தேடல் விபரங்களைக் குழப்பிவைத்தார். அதைச் சீராக்கி, பூங்கா என்ற சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

உங்கள் இரண்டாவது நண்பரின் வழிப்பறிக்காரன் கதை ஒருமுறை வென்ற கதை. அதே பூங்காவில் அதே வருடம் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைத் தாக்கிச் சிறையில் இருந்த இளைஞன் ஒருவன்மேல் 2009இல் வழக்கு வந்தது. 2010 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த வருடம் 60 வருடத் தண்டனை. சாட்சியத்தின் முதுகெலும்பு என்ன தெரியுமா? ‘என்னிடம் சொன்னான்’ என்று அவனோடு ஒரே அறையில் இருந்த கைதி ஒருவன் சொன்னது. அந்தக் கைதியின் நாணயம் ஆடத் தொடங்கியதும் எல்லாம் சரிந்தது. 2015இல் மறுவிசாரணைக்கு வழிவிட்டார்கள். 2016 ஜூலையில் அரசதரப்பு வழக்கையே மீளப்பெற்றது. ஆக, இன்றைக்கு அந்தக் கோப்பில் குற்றவாளி இல்லை.

மூன்றாமவர் கூலிப்படை என்கிறாரே, அதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது காட்டச் சொல்லுங்கள். வங்கி முகாமையாளராக இருந்தவர் ஈடு இல்லாமல் கடன் கொடுப்பது அழகல்ல.

கேள்வி: சந்தேகநபரே ‘நான்தான் செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டால் அதற்குமேல் என்ன ஆராய்ச்சி?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: 1989 ஏப்ரல் 19 இரவு, நியூயோர்க் சென்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த 28 வயதுப் பெண்ணை யாரோ அடித்து, வன்புணர்ந்து, சாகட்டும் என்று போட்டுவிட்டுப் போனார்கள். அவர் பிழைத்தார், நடந்தது ஒன்றும் நினைவில் இல்லை. 14 முதல் 16 வயது வரையான ஐந்து பையன்களைப் பிடித்தார்கள். மணிக்கணக்கில் விசாரித்த பிறகு அவர்களுள் நால்வர் வீடியோவில் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன் சொன்ன இடம் மற்றவன் சொன்ன இடத்தோடு ஒட்டவில்லை. மரபணு ஐவரில் ஒருவரோடும் ஒட்டவில்லை. ஆனாலும் தண்டனை. 2002இல் வேறு குற்றங்களுக்காகச் சிறையில் இருந்த ஒருவன், தனியாக நான்தான் செய்தேன் என்றான். மரபணு அவனுடையது. ஐவரின் தீர்ப்பும் அந்த டிசம்பரில் நீக்கப்பட்டது. 2014இல் நகரம் 4 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுத்தது. பையன்கள் அதற்குள் நரைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை நிரூபிக்க விடாது. வெள்ளைக்காரன் 1895இல் எழுதிவைத்தது. பொலிஸ் நிலையத்தின் உள்ளறை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்துவைத்தது. அந்தக் கதவால் போனவர்களைப் பற்றி இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எழுதி விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்போது எல்லா இடத்திலும் கமரா. படம் இருந்தால் பொதுமக்களே ஆளைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா?
— மாணவர், தெஹிவளை

பதில்: 2017 மே மாதம் லண்டன் புட்னி பாலத்தில் ஓடிவந்த ஒருவன், எதிரே வந்த பெண்ணை பஸ்ஸுக்கு முன்னால் தள்ளிவிட்டான். சாரதி சட்டென்று வெட்டித் திருப்பியதால் தலை தப்பியது. பஸ் கமராவில் தள்ளியவனுடைய உருவம், சட்டை, கால்சட்டை எல்லாம் இருக்கிறது. உலகமே பார்த்தது. கைதானவர்களில் ஒருவர், அன்று தான் வேறு நாட்டில் இருந்ததைக் காட்டிவிட்டு வெளியே வந்தார். ஓடினவனை இன்றுவரை காணவில்லை. 2013இல் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, படம் பார்த்தே ஆளைப் பிடிக்கிறோம் என்று கிளம்பியவர்கள், ஒரு மாதத்துக்கு முன்பே காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு இரவெல்லாம் அழைப்புகள் போயின. பிறகு அந்த மாணவரின் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி: எல்லோருடைய ஊகத்தையும் கிழிக்கிறீர்கள். நீங்கள் ஒருநாளும் பிழையாக ஊகித்ததில்லையா?
— வாசகி, வத்தளை

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம். பதில் சொல்கிறேன்.

1981. புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய்வரத் தொடங்கிய புதிது. வயது 23. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் வீட்டில் மேல்மாடியில் நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். கடைசி அறையில் ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன். ஏதோ கம்பனியில் எழுதுவினைஞன். யாரோடும் அதிகம் பேசமாட்டான். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, றெயில் பாதையோரமாகத் தெஹிவளைப் பக்கம் ஓடுவான். ஏழு மணிக்கு வந்து குளித்துவிட்டு வேலைக்குப் போவான்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மாவின் பதக்கஞ் சங்கிலியைக் காணவில்லை.

அந்தக் காலத்தில் நான் நாளுக்கு மூன்று வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத குற்றமா? மூன்று விடயத்தை ஒன்றாகக் கோத்தேன். ஒன்று, வீடு முழுக்க உறங்கும் நேரத்தில் எழுந்து வெளியே போகிறவன் அவன் ஒருவன். இரண்டு, அவனுடைய சப்பாத்தில் எப்போதும் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். கடற்கரையில் எதையோ புதைத்துவிட்டு வருகிறான். மூன்று, எழுதுவினைஞன் சம்பளத்துக்கு மேலாக மாதாமாதம் தாய்க்கு மணிஓடர் அனுப்புகிறான். துண்டை நானே பார்த்தேன். சங்கிலி செட்டியார் தெருவுக்குப் போய் உருகியாயிற்று என்று முடித்தேன். மூன்று ஆதாரம், ஒரு முடிவு. சாப்பாட்டு மேசையில் இருந்து சட்டத்தரணி மாதிரிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கார அம்மா என் தட்டில் இன்னொரு மீன்துண்டு வைத்தார். அந்தத் துண்டு இன்றும் தொண்டையில் நிற்கிறது.

அவனை யாரும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் நாகரிகம். ‘தம்பி, அடுத்த மாதம் அந்த அறை எங்களுக்குத் தேவைப்படுகிறது’ என்று மட்டும் சொன்னார்கள். அவன் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனான். என்னிடம்கூடப் போய்வருகிறேன் என்றான்.

இரண்டு மாதம் கழித்துக் கிணறு இறைத்தார்கள். சேற்றோடு சேர்ந்து பதக்கஞ் சங்கிலி வந்தது. தண்ணீர் அள்ளக் குனிந்தபோது கழன்று விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் காலையில் பாண் கொண்டுவருகிறவர் சொன்னார். அந்தப் பையன் தெஹிவளையில் ஒரு பேக்கரியில் நாலரையிலிருந்து ஆறரை வரை மா குழைத்துக்கொண்டிருந்தானாம். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை, பிந்தினால் கூலி இல்லை, ஆகவே ஓடினான். நான் கடல்மணல் என்று கண்டது கோதுமை மா. மணிஓடர் அந்தக் கூலி. என்னுடைய மூன்று ஆதாரமும் உண்மையானவை, கவனியுங்கள். நேரம் சரி, வெள்ளை சரி, காசு சரி. தெஹிவளை வரை ஒருநாள் பின்னால் நடந்து போயிருந்தால் முடிந்துபோயிருக்கும் விடயம். நாலு மணிக்கு எழும்ப எனக்குப் பஞ்சி.

அடுத்த வருடம் கோட்டை றெயில் நிலையத்தில் அவனை ஒருமுறை கண்டேன். பத்திரிகைக் கடைக்குப் பின்னால் மறைந்து நின்று, பதுளை றெயில் புறப்பட்ட பிறகு வெளியே வந்தேன். வேறொரு நாள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 1983 ஜூலைக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் யார் எங்கே போனார்கள் என்று கேட்பதற்கே வீடு இருக்கவில்லை.

கேள்வி: றக்பி வீரர் வசீம் தாஜுதீன் மரணத்தைப் பற்றி எழுதத் துணிவு இருக்கிறதா?
— பெயர் வேண்டாம், கொழும்பு 5

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டு என்னிடம் துணிவைக் கேட்கிறீர்கள். 2012 மே 17ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் மதிலோடு மோதி எரிந்த காரில் அவருடைய உடல் கிடைத்தது. விபத்து என்றார்கள். 2015 ஓகஸ்டில் தெஹிவளை மையவாடியில் உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். 2016இல் கொழும்பு நீதவான் நீதிமன்றம் அது கொலை என்றது. இது பதிவு. நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் நாலு பெயர்கள் தேநீர்க்கடை. அவற்றை அச்சேற்ற மாட்டேன்.

கேள்வி: மாலையில் மரைன் டிரைவில் ஓடுகிறேன். சந்திரா லெவி கதையைச் சொல்லி வீட்டில் தடுக்கிறார்கள். ஓடப்போன இடத்தில் கொலை நடந்தால், ஏன் தனியாகப் போனாள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்ன செய்வது?
— 26 வயது, வெள்ளவத்தை

பதில்: ஓடுங்கள், மகளே. ஏன் தனியாகப் போனாள் என்பதுதான் உலகத்திலேயே பழைய துப்பறிவு. செத்தவளையே முதலாவது சந்தேகநபராக நிறுத்தும் துப்பறிவு. உங்கள் அப்பா தனியாகப் பத்திரிகை வாங்கப் போனால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஓர் ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பெண் எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் மடிக்கணினியை ஒரு மாதம் கிண்டியிருக்க வேண்டாம். காதில் பாட்டுக் கேட்பதென்றால் ஒரு காதில் மட்டும். உங்களுக்கோ பக்கத்தில் ஒருவருக்கோ ஏதும் நடந்தால் 119. முறைப்பாடு எழுதும்போதே, வழியில் இருக்கும் கடைகளின் கமராப் பதிவை அன்றைக்கே எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். நாள் போனால் அழிந்துவிடும். ஆளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு, எந்த ஒழுங்கையடியில், எந்த நிறச் சட்டை என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பெரியப்பாவுக்கு அந்த டாக்சி சாரதியைத் தெரியும். சதாசிவம்தான் மனைவியைக் கொன்றார் என்று அவர் சாகும்வரை சொன்னார்.
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சதாசிவம் போன டாக்சியின் சாரதியைத் தெரிந்த பெரியப்பா கொழும்பில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அந்த ஒரு மனிதருக்கு இத்தனை சிநேகிதமா என்று எனக்கு வியப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டம் அடித்த, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய மகாதேவ சதாசிவத்தின் மனைவி, 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, சென். அல்பன்ஸ் பிளேஸ் வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். வேலைக்காரப் பையன் மன்னிப்புப் பெற்று அரசதரப்புச் சாட்சியானான். வழக்கின் உயிரே ஒரு கடிகாரக் கணக்கு. காலையில் கணவர் டாக்சியில் ஏறியது முன்னா, மனைவி இறந்தது முன்னா? எடின்பரோவிலிருந்து சட்டமருத்துவ நிபுணர் சேர் சிட்னி சிமித் வந்து சாட்சியம் சொன்னார். சதாசிவத்துக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. ஏறக்குறைய 20 மாத மறியலுக்குப் பிறகு ஜூரிகள் சுற்றவாளி என்றார்கள். பெரியப்பாவுக்கு நேரம் தெரிந்திருந்தால் நிமிடத்தோடு எழுதி அனுப்புங்கள். முகம் தெரிந்தது போதாது.

திருத்தம்: சதாசிவம் விடுதலையானது 1953 மே மாதம் என்று சென்ற இதழில் எழுதிவிட்டேன். பிழை. ஜூன் 25. மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி தபாலட்டையில் எழுதியிருக்கிறார். தன் தகப்பனாரின் நாட்குறிப்பில் அந்தத் திகதிக்கு எதிரே, ‘சதா விடுதலை. மீன் வாங்கவில்லை’ என்று இருக்கிறதாம். மீன் ஏன் வாங்கவில்லை என்பது அவருக்கும் தெரியாதாம்.